1187 என்ற எண்

வடதுருவத்தை ஒட்டிய ஹெல்னெஸ் பல்கலைக்கழகத்தின் கடலொலி ஆய்வுக்கூடத்தில் டோர்டிஸ் வேலைக்குச் சேர்ந்தது ஜனவரி ஏழாம் தேதி, திங்கட்கிழமை. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. பகல் பதினொரு மணி வாக்கில் வானம் லேசாக நீலம் பாரிக்கும். ஒரு மணிக்கெல்லாம் அதுவும் வடிந்து, தெருவிளக்கும் பனியும் மட்டும் மிஞ்சும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டோர்டிஸுக்கு இருபத்தொன்பது வயது, ட்ரோண்ட்ஹைம் நகரத்துக்காரி. அவளுக்கு மட்டும் காலையிலிருந்தே ஏதோ சாயங்காலம் போலத்தான் இருந்தது.

எந்த அறைக்குப் போனாலும் முதலில் கணினிக் கணக்கு வேண்டும் என்றார்கள். கதவு திறக்கும் அட்டை, அச்சு இயந்திரம், கடலடி ஒலிப்பதிவுகள் எல்லாமே அந்தக் கணக்கோடு கட்டுப்பட்டவை. ஆகவே மத்தியானம் அவள் இரண்டாம் மாடியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஓட்வாரிடம் போய் நின்றாள். அறுபதை நெருங்கும் மனிதர். கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தார். மேசையில் பாதி கடித்த ரொட்டி, அதன்மேல் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி.

"உக்காரு. தெற்கத்திக்காரியா?"

"ட்ரோண்ட்ஹைம்."

"அதான் சொன்னேன், தெற்கு." அவர் படிவங்களை நகர்த்தினார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி மூணு கையெழுத்து."

"இத்தனையா?"

"ஆறாவது ஒண்ணு உண்டு, அதை ரத்தத்துல போடணும். அந்தப் படிவம் தீர்ந்துபோச்சு, உன் அதிர்ஷ்டம்."

அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, ஒட்டுச்சீட்டில் எழுதித் திரையில் ஒட்டாதே, முதல் நாளே மறந்துவிட்டு என்னிடம் வந்து அழாதே என்று அவர் வரிசையாக ஒப்பித்தார். பிறகு பெயரைத் தட்டினார். பக்கத்திலிருந்த இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. அதில் அவள் பெயர், தற்காலிக பாஸ்வேர்டு, கீழே அவளுக்கான எண்: 1187.

ஓட்வார் சீட்டை எடுத்தார். கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ஏதாவது தப்பா?"

"இல்ல. புதுசா வர்றவங்களுக்கு இப்பல்லாம் நாப்பதாயிரத்துச் சொச்சம்தான் வரும். உனக்குச் சின்ன எண்ணா வந்திருக்கு." சீட்டை இரண்டாக மடித்து உறையில் போட்டு நீட்டினார். அதன்பின் அவர் வேடிக்கையாக ஒன்றும் பேசவில்லை. அவள் கதவருகே போனபோது ரொட்டியை எடுத்தவர், கடிக்காமலே திரும்ப வைத்ததைக் கண்டாள்.

தன் அறைக்கு வந்து உள்நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினாள். கணக்கில் அவளுக்கென்று ஒதுக்கிய இடம் காலியாக இருக்க வேண்டும். அறுபத்தொரு சதவீதம் நிரம்பியிருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் என்ற இடத்தில் டோர்டிஸ் என்று அவள் பெயர். தேதிகள் மட்டும் பதினோரு, பன்னிரண்டு வருடம் பழையவை. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஃபோல்டருக்கு 'ஸ்டைனாருக்கு' என்று பெயரிட்டிருந்தது. திறந்தாள். பேருந்து ஓட்டுநர் தேர்வுக்கான கேள்விகள், நாற்பது பக்கம். நடுநடுவே கிண்டல். 'இதுகூடத் தெரியலேன்னா நீ டிராக்டரே ஓட்டு.' கடைசிப் பக்கத்தில், 'சனிக்கிழமை வருவேன், முதல் இருபதையும் கேட்பேன், காப்பி உன் செலவு.' தேதி பிப்ரவரி பதினொன்று.

இன்னொருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல அவளுக்குக் கூசியது. மூடிவிட்டு ஓட்வாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் நேரே இறங்கி வந்தார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"யூருன்," என்றார். "யூருன் ஸ்கார். இதே அறைதான். மேசை மட்டும் ஜன்னல் பக்கமா போட்டிருந்தா."

பிறகு சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன், பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, யூருன் ஆய்வுக்கூடத்தின் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாக ஃபியோர்டுக்குள் போனாள். மலைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிடக்கும் கடல் அது. அவள் திரும்பவில்லை. ஃபியோர்டின் வெளிவாயில் ஒரு மிதவை அங்கி மட்டும் கரை ஒதுங்கியது. ஆகவே வெளிக்கடலில் பத்து நாள் தேடினார்கள். படகும் இல்லை, ஆளும் இல்லை. துறைமுகத்தில் நின்ற அவள் காரின் இருக்கையில் வீட்டுச் சாவி கிடந்தது. அதை வைத்து ஊர் ஒரு கதை கட்டியது: அவளாகவே போய்விட்டாள், திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறவள் சாவியை விட்டுவிட்டா போவாள்?

"அவ கணக்கை நான்தான் பூட்டினேன், பதினாலாந்தேதி மத்தியானம். பத்திரிகைக்காரன் ஒருத்தன் இங்கயே சுத்திட்டு இருந்தான். நம்ம ஆளுங்களும் அவ கடிதமெல்லாம் பாக்கணும்னு ஆரம்பிச்சாங்க. யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டிட்டேன். அழிக்கல. பூட்டினதோட சரி."

"அப்புறம் எப்படி எனக்கு வந்துச்சு?"

"தெரியல. காலியா இருக்கிற எண்ணுல சின்னது எதுவோ அதை மெஷின் கொடுக்கும். இது காலியா இருக்கக் கூடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோப்பு யாருதுன்னு பேரை வெச்சு அதுக்குத் தெரியாது, எண்தான் தெரியும். எண்ணை யாருக்குக் கொடுத்தாலும் எல்லாம் அவங்களுது."

"அப்ப அதைப் பொறுத்தவரைக்கும்..."

"நீதான் யூருன். வேற எண் தர்றேன். தலைவர் குன்வோர் கையெழுத்துப் போடணும், அவ வியாழக்கிழமைதான் ஊருக்கு வர்றா. அதுவரைக்கும் எதையும் தொடாத." வாசலில் நின்று திரும்பினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன், எப்படியும் யாராவது சொல்லுவாங்க. நீ காலையில வர்ற பஸ்ஸை ஓட்டுறது அவ தம்பி."

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் பேருந்தில் ஏறியபோது ஓட்டுநர் எல்லாருக்கும் சொல்வதுபோல் அவளுக்கும் காலை வணக்கம் சொன்னார். நாற்பது வயதிருக்கும். செம்பட்டைத் தாடி. அவள் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்பது பக்கமும் தன் பெயரில் கிடப்பது நெஞ்சில் உறுத்தியது. டிராக்டரை விட்டுவிட்டு எப்படியோ தேறியிருக்கிறார் என்று நினைத்தாள்.

அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பியவர் டோர்டிஸ், பெறுநர் டோர்டிஸ். அனுப்பிய நேரம் காலை ஏழு பத்து. அவள் அப்போது பேருந்திலிருந்து இறங்கி மேட்டில் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கடிதத்தில் ஒரு தேதி, கீழே ஏழே வரி.

'பிப்ரவரி 14. ஒன்று: கேட்டது. இரண்டு: கேட்டது. மூன்று: கேட்டது. நான்கு: கேட்டது. ஐந்து: கேட்டது. ஆறு: கேட்டது. ஏழு: கேட்டது.'

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். தேதியைத் திரும்பப் படித்தாள். வெளியே ஜனவரி எட்டு.

ஓட்வார் வந்து பார்த்து, எதையோ தேடி எடுத்தார். யூருன் எழுதி வைத்த சின்னக் கணினி நிரல். ஃபியோர்டின் தரையில் அவள் ஏழு கருவிகளை வைப்பதாகத் திட்டம். ஒவ்வொன்றும் தண்ணீர் பட்டதுமே தானாக விழித்துக்கொண்டு இருபது நொடிக்கு ஒருமுறை தனக்கே உரிய ஒரு ஒலியை எழுப்பும். ஆய்வுக்கூடத்தின் ஒலிவாங்கிகள் மூன்று ஃபியோர்டின் அடியில் இரவு பகலாகப் பதிவு செய்தபடி கிடக்கின்றன. அந்தப் பதிவைத் தினமும் காலை ஏழு பத்துக்கு எடுத்துக் கேட்டு, எந்தக் கருவி உயிரோடு இருக்கிறது என்று அவளுக்கு எழுதுவதுதான் நிரலின் வேலை.

"கணக்கைப் பூட்டினதும் இதுவும் நின்னுபோச்சு. நேத்து உனக்காகத் திறந்ததும் எழுந்துக்கிச்சு. கடைசியா எந்த நாளைக் கேட்டுச்சோ அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து கேக்குது. பழைய பதிவெல்லாம் டிஸ்க்ல அப்படியே இருக்கே." அவர் முகத்தில் சற்றுத் தெளிவு வந்தது. "பேய் இல்ல, பாவம், வேலைக்காரி. நிறுத்திடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க." அவள் நிரல் எழுதிவந்த பழைய பட்டியலைத் திறந்து கடைசிப் பகுதிக்குப் போனாள். மாதக்கணக்கில் ஒரே மாதிரி வரிகள். ஒன்று முதல் ஆறு வரை கேட்டது, ஏழு கேட்கவில்லை. பிப்ரவரி பத்து, ஏழு கேட்கவில்லை. பதினொன்று, கேட்கவில்லை. பன்னிரண்டு, ஏழு கேட்டது. பதின்மூன்று, ஏழு கேட்டது.

"ஏழாவது எங்க இருக்கு, ஓட்வார்?"

"ஸ்டோர்லதான் இருக்கும். அவ போனப்புறம் ஆறையும் மேல எடுத்து அடுக்கினாங்க."

இருவரும் அடித்தளத்துக்கு இறங்கினார்கள். உப்பு பூத்த இரும்புச் சட்டங்கள் சுவரோரம் நின்றன. மஞ்சள் பெயின்டில் எண்கள். ஆறு இருந்தன. ஓட்வார் திரும்ப எண்ணவில்லை. நேரே போய் ஆணியில் தொங்கிய பொருள் பதிவேடுகளில் பழையதைத் தேடி எடுத்தார். பக்கத்தைக் கண்டதும் விரலை அங்கேயே வைத்து நின்றார். 'கருவி ஏழு. பிப்ரவரி 12, காலை ஒன்பது. யூ. ஸ்கார் எடுத்துச் சென்றார்.' திரும்பி வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"வெளிக்கடல்ல தேடினோம்," என்றார். "பத்து நாள். இது உள்ளயே கத்திட்டு இருந்திருக்கு."

"யாருக்கும் தோணலையா?"

"ஏழாவதை எடுத்துட்டுப் போனதே யாருக்கும் தெரியாது. இந்த நோட்டை யாரு பார்த்தா? அவளுக்கு மட்டும் தெரியும். அப்புறம் இந்த நிரலுக்கு. அது ரெண்டு நாள் எழுதியும் இருக்கு, அவ கடிதப் பெட்டிக்கே. மூணாம் நாள் நான் அதோட வாயைக் கட்டிட்டேன்."

அவர் மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். டோர்டிஸ் அவர் கையிலிருந்த பதிவேட்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும் அவள் பழைய பதிவைக் கேட்டாள். நிரல் சொன்னது போதாது. காதால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பிப்ரவரி பன்னிரண்டு, ஃபியோர்டின் உள்கிளையில் இருக்கும் மூன்றாம் ஒலிவாங்கி. முதலில் வெறும் இரைச்சல், எங்கோ பனிக்கட்டி நகரும் முனகல். பகல் பதினொன்று நாற்பதுக்குப் படகு இயந்திரத்தின் ஒலி வருகிறது, நெருங்குகிறது, தணிகிறது. இயந்திரம் மெல்ல உறுமியபடி நிற்கிறது. ஒரு சங்கிலி உரசும் சத்தம். பிறகு, தெளிவாக, தண்ணீருக்குள்: டிக். டிக்-டிக். இருபது நொடி. டிக். டிக்-டிக். கருவி கீழே இறங்க இறங்க ஒலி கனக்கிறது. மெத்தென்று ஒரு மோதல். தரையைத் தொட்டுவிட்டது.

மூன்று நிமிடம் இப்படியே போனது. பிறகு திடீரென்று நீரின் மேற்பரப்பு முழுவதும் சீறியது. மலையிலிருந்து சரிந்து விழும் காற்று. இயந்திரம் ஒருமுறை உச்சத்துக்கு ஏறி அறுந்தது.

அதன்பின் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியிழைப் படகின் பலகைமேல் ஏதோ தட்டுவது போல. நான்கைந்து தட்டு, இடைவெளி, மறுபடி சில தட்டு. அலையோடு சேர்ந்து கயிற்றுக் கொக்கி மோதினாலும் அப்படித்தான் கேட்கும் என்று டோர்டிஸ் தனக்கே சொல்லிக்கொண்டாள். அலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இதற்கு அலையின் ஒழுங்கு இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டாள். ஒன்பது நிமிடம். அப்புறம் டிக், டிக்-டிக் மட்டும்.

ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. யூருனின் மேசை இருந்திருக்க வேண்டிய இடத்தை ஏனோ அவள் திரும்பிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை வந்த குன்வோர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொன்னாள். மூன்று ஒலிவாங்கிகளுக்கும் ஒலி எந்தெந்த நொடியில் எட்டியது என்பதிலிருந்து டோர்டிஸ் இடத்தைக் கணக்கிட்டாள். இரண்டு நாள் வேலை. ஃபியோர்டுக்கு உள்ளேயே, ஸ்கார்வெ முனைக்கு அடியில், நூற்று நாற்பது மீட்டர் ஆழம், நாற்பது மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஒவ்வொரு காலையும் ஏழு பத்துக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. பிப்ரவரி 17, ஏழு கேட்டது. பிப்ரவரி 18, ஏழு கேட்டது. அவள் சீக்கிரமே எழுந்து முதல் பேருந்தைப் பிடித்து, கடிதம் வரும்போது அங்கே இருக்கத் தொடங்கினாள். அது யாரும் இல்லாத அறைக்கு வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

காவல்துறை ஸ்டைனாரிடம் சொன்ன மறுநாள், பேருந்தில் அவர் காலை வணக்கம் சொல்லவில்லை. அவள் இறங்கும் நிறுத்தத்தில் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமா."

"கேட்டீங்களாமே, பதிவை. வேற என்ன கேட்டுச்சு?"

இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரு கிழவரும் பின்னால் இருந்தார்கள். டோர்டிஸ் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"கருவியைப் பத்திரமா இறக்கி வெச்சாங்க. அப்புறம் மலைக்காத்து அடிச்சுது. படகு கவுந்துச்சுன்னு நினைக்கிறேன். அதுக்கப்புறம் ஏதோ தட்டுற சத்தம் இருக்கு. அவங்கதானான்னு உறுதியா சொல்ல முடியாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பது நிமிஷம்."

அவர் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்தார். "ஒன்பது," என்றார். "ராத்திரி முழுக்கத் தத்தளிச்சிருப்பான்னு நினைச்சுட்டு இருந்தேன். பதினோரு வருஷமா." பிறகு கதவைத் திறந்தார். "வழுக்கும், பார்த்து இறங்குங்க."

சூரியன் திரும்பிய அன்று சாப்பாட்டறையில் மஞ்சள் கிரீம் வைத்த இனிப்பு பன்கள் வாங்கி அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் ஜன்னலோரம் நின்று, மலை விளிம்பில் நான்கு நிமிடம் எட்டிப் பார்த்த வெளிச்சத்துக்குக் கைதட்டினார்கள். மூன்று நாள் கழித்துக் கப்பல் ஸ்கார்வெ முனைக்குப் போனது. டோர்டிஸும் ஓட்வாரும் காவல்துறைக்காரர்கள் இருவரும் இருந்தார்கள். ஸ்டைனார் வரவில்லை, அன்று அவருக்கு மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கேமராவைக் கம்பியில் கட்டி இறக்கினார்கள். திரையில் பச்சை இருட்டு, விழும் பனிபோல் துகள்கள். கடலின் தரை வந்தது. கணித்த இடத்திலிருந்து இருபத்தைந்து மீட்டரில் ஏழாம் கருவி நின்றது. சாயவில்லை, புரளவில்லை. நான்கு காலும் சேற்றில் ஊன்றி, புத்தகத்தில் போட்டிருக்கும் படம் போல நேராக. மஞ்சள் எண்ணின்மேல் ஒரு நட்சத்திர மீன். கொஞ்சம் தள்ளிப் படகு கவிழ்ந்து கிடந்தது, அதன் கயிற்றில் சிக்கியபடி, படகில் போகிறவர்கள் குளிருக்கு அணியும் ஆரஞ்சு நிற முழு உடை.

"நிறுத்து," என்றார் ஓட்வார். கேமராவை இயக்கியவன் நிறுத்தினான். காவல்துறைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நிற்கிற கருவியைத்தான் டோர்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக நினைத்துப் போனவள் அதை இத்தனை நேராக வைத்திருக்க மாட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சாயிற்று. சாவியைப் பற்றி அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யூருனை மேலே எடுத்துப் பிப்ரவரியில் அடக்கம் செய்தார்கள். 'ஸ்டைனாருக்கு' என்ற ஃபோல்டரை டோர்டிஸ் தாளில் அச்சிட்டு உறையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் தேவாலய வாசலிலேயே நின்று சில பக்கங்களைப் புரட்டினார். டிராக்டர் வரியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரம் ஓட்வார் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரு தாள்.

"அந்த எண் எப்படிக் காலியாச்சுன்னு தேடிட்டு இருந்தேன். கணக்கை அழிச்சா மெஷின் குறிச்சு வைக்கும். எந்த நாள், எத்தனை மணி, யார் அழிச்சாங்கன்னு. இந்தா, நீயே பாரு."

ஒரே வரி. கணக்கு 1187 நீக்கப்பட்டது. ஜனவரி 4, வெள்ளி, காலை ஏழு பத்து. நீக்கியவர்: 1187.

டோர்டிஸ் இரண்டு முறை படித்தாள். "நிரல் பண்ணியிருக்குமா?"

"நிரல் நின்னு பதினோரு வருஷம். பூட்டின கணக்குல எதுவும் ஓடாது. பூட்டையும் பார்த்துட்டேன், நான் போட்டது போட்டபடி இருந்துச்சு. திறந்த தடயமே இல்ல." அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "ஜனவரி நாலு. நீ வர்றதுக்கு மூணு நாள் முந்தி. அன்னிக்கு இந்தக் கட்டடத்துலயே யாரும் இல்ல, லீவு."

"குன்வோர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா மெஷின் கோளாறுன்னு சொல்லுவா. நானும் அப்படித்தான் சொல்லுவேன், யாராவது கேட்டா." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மற்றொரு பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். "உனக்குப் புது எண். கையெழுத்தெல்லாம் ஆச்சு. நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"கொஞ்ச நாள் இதுவே இருக்கட்டும், ஓட்வார்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு," என்றாள்.

மார்ச் நடுவில் ஒரு காலை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் தாண்டியிருக்கும். தாழ்வாரத்தில் கனத்த காலடி கேட்டு அவள் நிமிர்ந்தாள். ஓட்டுநர் சீருடையில், தோளில் பனியோடு, ஸ்டைனார் நின்றார். ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். பேருந்து விளக்கு எரியக் காத்துக்கொண்டிருந்தது, உள்ளே தலைகள் தெரிந்தன.

"அவங்கள்லாம்?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். ஊர் ஆளுங்கதான், பத்து நிமிஷம் பொறுத்துப்பாங்க." அவர் உள்ளே வரத் தயங்கினார். "தினமும் வருதாமே. ஓட்வார் சொன்னாரு."

"இப்ப வரும். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஏழு பத்து. கடிதம் வந்தது. ஏப்ரல் இருபது என்று தேதி. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக. ஏழு: கேட்டது.

ஸ்டைனார் அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்தார். கண்ணாடித் திரையில் அவர் விரல் ஈரத்தைப் பதித்தது.

"அந்த ஏப்ரல் மாசம் நான் தேர்வு எழுதினேன்," என்றார். "எழுதிட்டு வீட்டுக்கு வந்து சமையலறையில தனியா உக்காந்திருந்தேன். அப்ப இது இங்க கத்திட்டு இருந்திருக்கு."

"ஆமா."

"பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

அவர் தாடியைத் தடவினார். கீழே யாரோ பேருந்தின் ஹாரனை ஒருமுறை லேசாகத் தொட்டார்கள்.

"நிறுத்திடலாம்," என்றார். "அவளைத்தான் எடுத்தாச்சே. இனிமே இது யாரைக் கூப்பிடுது?"

"நீங்க சொன்னா நிறுத்திடறேன்."

"என் எதிர்லயே பண்ணுங்க."

டோர்டிஸ் நிரலைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். நிச்சயமாகவா என்று கணினி ஒருமுறை கேட்டது. அவள் ஸ்டைனாரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். அழுத்தினாள். அவ்வளவுதான். திரையில் எதுவும் மாறவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போனார். பேருந்து மேட்டில் ஏறி வளைவில் மறையும்வரை அவள் ஜன்னலருகே நின்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவள் நாற்காலியில் இருந்தாள். ஏழு பத்து ஆயிற்று. ஏழு பதினைந்து. ஏழரை வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெட்டி காலியாகவே இருந்தது. பிறகு எழுந்து சாப்பாட்டறைக்குப் போனாள்.

அங்கே ஓட்வார் மட்டும் இருந்தார். எதிரே ஆறிப்போன காப்பி.

"வந்துச்சா?"

"இல்ல."

அவர் வெளியே பனி பெய்வதைப் பார்த்தார். பிறகு காலால் எதிர் நாற்காலியை அவளுக்காகத் தள்ளிக் கொடுத்தார்.